பழைய ஸ்பெக்ட்ரோமீட்டரில் லேசர் ஒளிச்சிதறல் அமைப்பு: தருமபுரி ஆய்வகத்தில் முடியுமா?

மொரப்பூர்_ஒளி

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். எங்கள் எம்.எஸ்சி. பிள்ளைகளில் பாதிப்பேர் வருடா வருடம் ஏதாவது ஒரு இலைச்சாற்றில் வெள்ளி நைட்ரேட்டைக் கலந்து நானோதுகள் செய்கிறார்கள். செய்து முடித்ததும் குப்பியில் அடைத்து வெளியே அனுப்புகிறோம், பணம் கட்டுகிறோம், சில வாரம் கழித்து ஒரு தாள் வருகிறது. அதில் மலை மாதிரி ஒரு வளைகோடும், சராசரி அளவு இத்தனை நானோமீட்டர் என்று ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண் எப்படி வந்தது என்று வைவாவில் கேட்டால் ஒரு பிள்ளைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, கருவியை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அதனால் இந்த வருடம் ஒளிச்சிதறல் அமைப்பு (துகள்கள் மேல் லேசரைப் பாய்ச்சி, சிதறும் ஒளியிலிருந்து அளவு காண்பது) ஒன்றை நாங்களே கட்டிப் பார்க்க நினைக்கிறேன். கையில் இருப்பவை: பி.எஸ்சி. ஸ்பெக்ட்ரோமீட்டர்கள் (ஒன்றில் வெர்னியர் நன்றாக இருக்கிறது, 1 நிமிடம் வரை படிக்கலாம்), அலமாரியில் தூங்கும் ஒரு ஹீலியம்-நியான் லேசர், லைக்கோபோடியம் பொடி சோதனைக்கு வாங்கிய 650 நானோமீட்டர், 5 மில்லிவாட் சிவப்பு டையோடு லேசர். லைக்கோபோடியம் சுமார் 30 மைக்ரான், விளிம்பு விளைவு வளையத்தை ஸ்கேல் வைத்து அளந்தாலே அளவு வந்துவிடும். நானோதுகளுக்கு அது நடக்காது. எங்கிருந்து தொடங்கலாம்?

சிதறல்கோணம்

மேடம், நான் பாலக்கோட்டுக்காரன், இப்போது பெங்களூரில் இருக்கிறேன், முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருடம் இந்த ஒளிச்சிதறலோடுதான் குடித்தனம் நடத்தினேன். முடியும். எதை அளக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டு வகை இருக்கிறது. ஒவ்வொரு கோணத்திலும் சராசரியாக எவ்வளவு ஒளி வருகிறது என்று அளப்பது ஒன்று. அந்த ஒளி நேரத்தோடு எப்படித் துடிக்கிறது என்று அளப்பது இன்னொன்று. உங்கள் தாளில் வந்த எண் இரண்டாவது வகையில் கிடைத்தது. தண்ணீரில் துகள்கள் பிரௌனியன் இயக்கத்தில் அலைகின்றன. ஒவ்வொரு துகளிலிருந்தும் வரும் ஒளி மற்றதோடு குறுக்கிடுவதால் எதிரே ஒரு புள்ளிக்கோலம் உண்டாகிறது, துகள்கள் நகர நகர அந்தக் கோலம் கலைந்து கலைந்து புதிதாக விழுகிறது. சின்னத் துகள் வேகமாக ஓடும், கோலம் சட்டென்று கலையும். பெரிய துகள் மெதுவாக நகரும், கோலமும் நின்று நிதானமாகக் கலையும். கலைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அளந்தால் விரவல் கெழு (துகள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று சொல்லும் எண்) கிடைக்கிறது, அதிலிருந்து ஸ்டோக்ஸ்-ஐன்ஸ்டீன் சமன்பாட்டில் ஆரம் கிடைக்கிறது. 1964ல் கம்மின்ஸ், நேபிள், யே மூவரும் பாலிஸ்டைரீன் உருண்டைகளை வைத்து இதைத்தான் செய்து காட்டினார்கள்.

உங்கள் லேசருக்கே கணக்குப் போடுகிறேன். 4 பை பெருக்கல் ஒளிவிலகல் எண் வகுத்தல் அலைநீளம், அதைக் கோணத்தில் பாதியின் சைனால் பெருக்கினால் சிதறல் திசையன். 650 நானோமீட்டர், தண்ணீருக்கு 1.33, கோணம் 90 டிகிரி என்றால் மீட்டருக்குச் சுமார் 1.82 கோடி. 100 நானோமீட்டர் விட்டமுள்ள துகளுக்கு 25 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் ஆட்டோகோரிலேஷன் கோடு (இப்போதைய ஒளி சற்று முன்னால் இருந்த ஒளியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கோடு) சுமார் 0.3 மில்லிவிநாடியில் தொடக்க உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகமான அளவுக்கு இறங்கிவிடும். 1 மைக்ரான் துகளுக்கு 3 மில்லிவிநாடி. இந்தக் கோட்டைக் கணக்கிட்டுத் தரும் விலை உயர்ந்த கோரிலேட்டர் கருவி எதுவும் வேண்டாம், லேப்டாப்பின் மைக் துளையே விநாடிக்கு 48,000 முறை அளக்கும், அந்த 0.3 மில்லிவிநாடிக்குள் கிட்டத்தட்ட 15 புள்ளி கிடைத்துவிடும்.

ஸ்பெக்ட்ரோமீட்டர் யோசனை மிக நல்ல யோசனை. பிரிசம் மேடையில் க்யூவெட் (திரவம் வைக்கும் சின்னக் கண்ணாடிப் பெட்டி), தொலைநோக்கிக் கையில் டிடெக்டர், கோணத்துக்கு வெர்னியர். காலிமேட்டர் இடத்தில் லேசர். முதலில் 90 டிகிரியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை, அம்மா. நான் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன். பிள்ளைகளுக்கு நான்கு மாதம்தான் புராஜெக்ட். அந்த நான்கு மாதமும் கம்பி சுற்றுவதிலும் பெயின்ட் அடிப்பதிலும் போய்விட்டால் ஆய்வு எங்கே நடக்கும்? கடைசியில் வரும் எண்ணை எந்த ஆய்விதழ் ஒப்புக்கொள்ளும்? அதற்குப் பதில் நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்து ஒரு கருவிக்கு நிதி கேட்டு எழுதினால் மாவட்டத்துக்கே பயன்படும். கோபித்துக்கொள்ள வேண்டாம், அக்கறையில்தான் சொல்கிறேன்.

மொரப்பூர்_ஒளி

கோபம் எதுவும் இல்லை சார். நிதிக்கும் எழுதியிருக்கிறோம், வரும்போது வரட்டும். இங்கே கட்டுவதில் வரும் எண்ணை ஆய்விதழுக்கு அனுப்பும் எண்ணமே எனக்கு இல்லை, அதற்கு இப்போதும் வெளியேதான் அனுப்புவோம். அந்தத் தாளைக் கையில் வாங்கும் பிள்ளை "இது 90 டிகிரியில் எடுத்ததா, எந்த வெப்பநிலை போட்டார்கள், எவ்வளவு நீர்த்தார்கள்" என்று கேட்க வேண்டும், எனக்கு அது போதும். போன வருடம் ஒரு தாளில் 3,000 நானோமீட்டர் என்று வந்தது. அந்தப் பெண் அதை அப்படியே புராஜெக்ட் புத்தகத்தில் நானோதுகள் என்று எழுதிவிட்டாள், நானும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஓசூர்_லேத்

மேடம், நான் ஓசூரில் சின்னதாக ஒரு மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். படிப்பு டிப்ளமோதான், ஒளியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் சுற்றுகிற பொருளின் மையம் தெரியும். ஸ்பெக்ட்ரோமீட்டர் பழசு என்கிறீர்கள். மேடையின் அச்சும் தொலைநோக்கிக் கையின் அச்சும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேடை நடுவில் ஒரு குண்டூசியைச் செங்குத்தாக நிறுத்தி, மேடையைச் சுற்றும்போது ஊசி ஆடாமல் வைத்துக்கொண்டு, அப்புறம் கையை மட்டும் நகர்த்துங்கள். ஊசி எல்லாக் கோணத்திலும் குறுக்குக்கம்பி மேல் நிற்க வேண்டும். கால் மில்லிமீட்டர் விலகினால்கூட உங்கள் டிடெக்டர் வேறு இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

லேசரைப் பிடிக்க வி வடிவப் பள்ளம் வெட்டிய அலுமினியக் கட்டை போதும், இரண்டு திருகு. டயல் கேஜுக்குப் போடும் காந்த அடிப்பாகம் வாங்கிக்கொள்ளுங்கள், இரும்புத் தகட்டில் வைத்து நெம்புகோலைத் திருப்பினால் அப்படியே பிடித்துக்கொள்ளும். அளவு அனுப்புங்கள், கட்டையை நான் செய்து தருகிறேன், மெட்டீரியல் காசு மட்டும் கொடுத்தால் போதும்.

கிருஷ்ணகிரிக்_கல்

காந்த அடிப்பாகத்துக்கு இரும்புத் தகடு எதன்மேல் உட்காரும்? மர மேசையில் வைத்தால் மழைக்காலத்தில் ஒரு மாதிரி, வெயில் காலத்தில் ஒரு மாதிரி வளையும். நாங்கள் கிரானைட் பாலிஷ் போடுகிறோம். ஓரம் உடைந்தது, நிறம் ஒட்டாதது என்று ஏற்றுமதிக்குப் போகாத பலகைகள் யார்டில் சும்மா கிடக்கின்றன. 4 அடிக்கு 2 அடி, 2 அங்குலத் தடிமன் பலகை ஒன்று கிட்டத்தட்ட 100 கிலோ வரும். அதன் கீழே நான்கு ஸ்கூட்டர் டியூபைப் பாதிக் காற்றோடு போட்டுவிட்டால் நடமாட்டம் எதுவும் தெரியாது. மேலே தகட்டை எபாக்சியில் ஒட்டிவிடுங்கள். கல்லில் துளை போட வேண்டாம், ஓரத்துக்குப் பக்கத்தில் போட்டால் விரிசல் விடும்.

சிதறல்கோணம்

கல் பலகை அருமை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஹோலோகிராம் எடுப்பவர்கள் அளவுக்கு இதில் அதிர்வைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. இங்கே ஒளி தன்னோடு தானே குறுக்கிடுகிறது, மொத்தமும் சேர்ந்து ஆடினால் பெரிய பாதிப்பு இல்லை. கல்லால் கிடைக்கும் உண்மையான லாபம், இன்று சரிசெய்த நேர்க்கோடு நாளைக்கும் அப்படியே இருக்கும் என்பதுதான்.

அதிர்வைவிட மோசமானது கண்ணாடிச் சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளி. துகள் சிதறிய ஒளியோடு சுவர் தெறித்த ஒளி அதிகமாகக் கலந்துவிட்டால் கோடு பாதி வேகத்தில்தான் இறங்கும், துகள் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். கோடு அழகாக வரும், எண் மட்டும் தப்பு, அதனால் கண்டுபிடிப்பதும் கஷ்டம். க்யூவெட்டின் நடுவை மட்டும் டிடெக்டர் பார்க்க வேண்டும், சுவரை அல்ல. நேராக வெளியேறும் கற்றையைக் கரும்பலகை பெயின்ட் அடித்த குழாய்க்குள் விட்டு அடக்கிவிடுங்கள்.

தளவிளைவையும் பாருங்கள். கற்றையின் மின்புலம் செங்குத்தாக இருக்க வேண்டும். கிடையாக இருந்தால் சின்னத் துகள்கள் 90 டிகிரிக்கு ஒளியே அனுப்பாது, லேசர் கெட்டுவிட்டது என்று நினைத்து உட்கார்ந்திருப்பீர்கள். போலராய்டு தகடு ஒன்றை வைத்துப் பார்த்து, டையோடு லேசரைச் சுழற்றிச் சரிசெய்துகொள்ளலாம். பழைய ஹீலியம்-நியானில் தளம் நிலையாக இல்லாமல் மாறிக்கொண்டே இருக்கும் வகை நிறைய உண்டு, அதன் மின்வழங்கியில் ஆயிரக்கணக்கான வோல்ட் வேறு. பிள்ளைகள் கை படும் இடத்தில் வேண்டாம், டையோடே போதும். பச்சை லேசர் பாயின்டர் பக்கமும் போகாதீர்கள், அதில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு கசிய வாய்ப்பு உண்டு. 5 மில்லிவாட்டும் நேராகக் கண்ணில் பட்டால் ஆபத்துதான். கற்றை எல்லோருடைய கண் மட்டத்துக்கும் கீழே ஓடட்டும், வாட்ச், வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள்.

காரிமங்கலம்_மாணவன்

மேடத்தின் புராஜெக்ட் மாணவன் நான். அண்ணா, டிடெக்டருக்குப் பதிலாக மொபைல் கேமராவிலேயே புள்ளிக்கோலத்தை வீடியோ எடுத்துக் கணக்குப் போட முடியாதா?

சிதறல்கோணம்

நல்ல கேள்வி தம்பி. சாதாரண வீடியோ விநாடிக்கு 30 படம், அதாவது 33 மில்லிவிநாடிக்கு ஒன்று. உன் துகளின் கோலம் 0.3 மில்லிவிநாடியில் கலைந்துவிடுகிறது, ஒரு படம் எடுத்து அடுத்தது எடுப்பதற்குள் நூறு தடவை புதுக்கோலம் விழுந்திருக்கும். ஆனால் திரவத்தைக் கெட்டியாக்கினால் முடியும். 1 மைக்ரான் துகளைக் கிளிசரினில் போட்டுப் பார், கோலம் மெதுவாக நெளிவது கண்ணுக்கே தெரியும். முதல் நாள் வகுப்பில் இதைக் காட்டச் சொல்லி மேடத்திடம் கேள், லென்ஸ்கூட வேண்டாம், சுவரில் விழவிட்டாலே போதும்.

அளவு காண போட்டோடையோடு வாங்கிக்கொள், பி.பி.டபிள்யூ. 34 எளிதாகக் கிடைக்கும். ஆப்-ஆம்ப் ஒன்றில் 10 மெகாஓம் பின்னூட்ட மின்தடை, அதற்கு இணையாக 2 பிக்கோஃபாரட் மின்தேக்கி. பட்டை அகலம் சுமார் 8 கிலோஹெர்ட்ஸ் வரும், உனக்கு அது போதும். அடுத்து ஒரு 100 மடங்கு பெருக்கி. மொத்தச் சுற்றையும் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து டின்னைத் தரைக்கம்பியோடு இணைத்துவிடு.

மொரப்பூர்_ஒளி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கல் வந்தது. இறக்க எட்டுப்பேர் ஆனது, ஆய்வகம் தரைத்தளத்தில் இருப்பதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. ஓசூர் சார் அனுப்பிய கட்டை அச்சாகப் பொருந்தியது. குண்டூசிச் சோதனையில் மையம் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தது, மேடைத் திருகில் தகடு கொடுத்துச் சரிசெய்தோம்.

பிரச்சினை இதுதான். பாக்கெட் பாலைத் தண்ணீரில் கலக்கி வைத்து எடுத்தோம். ஆட்டோகோரிலேஷன் கோடு இறங்கவே இல்லை, கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கிறது, அதன் மேல் அலை அலையாக ஒரு நெளிவு. நெளிவுக்கு இடைவெளி சரியாக 10 மில்லிவிநாடி. நான்கு நாள் போராடிவிட்டோம்.

சிதறல்கோணம்

10 மில்லிவிநாடி என்றால் விநாடிக்கு 100. அது உங்கள் டியூப்லைட். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு அமைப்பைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். அப்புறமும் நெளிவு இருந்து இடைவெளி 20 மில்லிவிநாடி என்றால் அது கம்பி வழியாக வருவது, டின்னின் தரை இணைப்பைப் பாருங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் இருந்து பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். மைக் அமைப்பில் சத்தம் குறைப்பது, ஒலியளவைத் தானாகச் சரிசெய்வது என்று இருப்பதை எல்லாம் நிறுத்துங்கள். நீங்கள் அளக்க வந்திருப்பதே சத்தத்தைத்தான், அந்த மென்பொருள் அதையே சுத்தம் செய்துவிடும்.

தட்டையாக இருப்பதற்குக் காரணம் வேறு. டிடெக்டருக்கு முன்னால் துளைத்தகடு போட்டீர்களா?

மொரப்பூர்_ஒளி

இல்லை. ஒளி ஏற்கெனவே குறைவாக இருக்கிறதே, துளை போட்டால் இன்னும் குறையுமே என்று விட்டுவிட்டோம்.

சிதறல்கோணம்

இங்கேதான் எல்லோரும் விழுவோம், நானும் முதல் வருடம் முழுக்க இதில் விழுந்து கிடந்தேன். கோலத்தில் ஒரு புள்ளி பிரகாசமாகும்போது பக்கத்துப் புள்ளி மங்கலாம். ஒரே ஒரு புள்ளியைப் பார்த்தால் துடிப்பு முழுசாகத் தெரியும். பத்துப் புள்ளியைச் சேர்த்துப் பார்த்தால் கோட்டின் உயரம் பத்தில் ஒரு பங்கு. உங்கள் டையோடின் முகம் 7.5 சதுர மில்லிமீட்டர், கற்றையையும் குவிக்கவில்லை, க்யூவெட்டின் முழு அகலமும் தெரிகிறது. அதில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் விழும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் பேசுவதைக் கேட்க மைதானத்துக்கே மைக் வைத்த மாதிரி.

புள்ளியின் அளவு என்ன? அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி, ஒளிரும் பகுதியின் அகலத்தால் வகுங்கள். லென்ஸ் போட்டு கற்றையை 0.2 மில்லிமீட்டருக்குக் குவித்து, டிடெக்டரை 150 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் ஒரு புள்ளி சுமார் அரை மில்லிமீட்டர். க்யூவெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளவு வைத்துக் கற்றையின் நீளத்தையும் அரை மில்லிமீட்டருக்குள் மட்டுப்படுத்துங்கள். அப்புறம் டையோடின் முகத்தில் அரை மில்லிமீட்டர் துளை. ஒளி மிகவும் குறைந்துவிடும், பயப்படாதீர்கள், பத்து நிமிடம் பதிவு செய்து சராசரி எடுங்கள். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சில புள்ளிகள் சேர்ந்து வந்தாலும் தேவலை, கோட்டின் உயரம் 0.1 இருந்தால்கூட அளவு கண்டுவிடலாம்.

ஓசூர்_லேத்

0.5, 0.8, 1.0 மூன்று அளவிலும் பித்தளை ஷிம்மில் துளை போட்டு கறுப்பாக்கி அனுப்புகிறேன். பஸ்ஸில் கொடுத்துவிட்டால் தருமபுரியில் எடுத்துக்கொள்வீர்களா?

பால்_கெமிஸ்ட்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் கிருஷ்ணகிரியில் பால் பரிசோதனையில் இருக்கிறேன். சோதனைக்குப் பால் எடுத்தது சரி, ஆனால் பாக்கெட் பாலில் கொழுப்பு உருண்டைகள் இருக்கும், அதில் ஒன்றிரண்டு மைக்ரான் அளவு உருண்டைகளே மொத்த ஒளியையும் ஆக்கிரமித்துவிடும். நீங்கள் பார்க்க விரும்புவது கேசின் என்ற பால் புரதத் துகள், அது சராசரியாக 100 முதல் 200 நானோமீட்டருக்குள் நிற்கும். கொழுப்பு நீக்கிய பால் எடுத்து மறுபடியும் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே நிற்பதை விட்டுவிட்டு நடுவில் இருந்து எடுங்கள். நீர்த்ததும் சீக்கிரம் அளந்துவிடுங்கள், வெறும் தண்ணீரில் நெடுநேரம் இருந்தால் கேசினில் இருக்கும் கால்சியம் விலகத் தொடங்கும், துகள் அதே துகளாக இருக்காது.

எவ்வளவு நீர்ப்பது என்றால், இருட்டில் க்யூவெட்டைப் பாருங்கள், கற்றை மெல்லிய நூல் மாதிரி தனியாகத் தெரிய வேண்டும். க்யூவெட் முழுக்கப் பல்பு மாதிரி ஒளிர்ந்தால் ஒளி பலமுறை சிதறுகிறது, இன்னும் நீர்க்க வேண்டும்.

தண்ணீர் விஷயம் முக்கியம். நம் பக்கத்து போர்த் தண்ணீரைக் கிட்டேயே விடாதீர்கள், உப்பும் ஃப்ளோரைடும் இருக்கிற தண்ணீர். உப்பு பட்டால் வெள்ளித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம். மெடிக்கலில் ஊசி மருந்து கலக்க விற்கும் தண்ணீர் ஆம்பூல் வாங்குங்கள், அதில் தூசி மிகக் குறைவு.

கடத்தூர்_நுண்ணுயிர்

தூசி பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். உங்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறை இருந்தால் அவர்களிடம் 0.22 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரும் லேமினார் ஃப்ளோ மேசையும் (வடிகட்டிய காற்று வீசித் தூசி அண்டாமல் வைக்கும் மேசை) இருக்கும். க்யூவெட்டைக் கழுவி அந்த மேசையிலேயே நிரப்பி மூடிக் கொண்டுவாருங்கள். எங்கள் துறைக்கு இயற்பியல்காரர்கள் யாரும் வந்து கேட்டதே இல்லை, கேட்டால் மகிழ்ச்சியாகத் தருவோம்.

சிதறல்கோணம்

தங்கமான யோசனை. சின்னத் துகள் சிதறும் ஒளி ஆரத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. பத்து மடங்கு பெரிய துகள் பத்து லட்சம் மடங்கு ஒளி தரும். ஒரே ஒரு தூசி கற்றைக்குள் நுழைந்தால் நானோதுகள் எல்லாம் மறைந்துவிடும். மேடம், உங்களை உறுத்தும் அந்த 3,000 நானோமீட்டர் தாள்கூட தூசியாகவோ, கொத்தாகிப் போன துகளாகவோ இருந்திருக்கலாம்.

தண்ணீரை மட்டும் வடிகட்டுங்கள். துகள் கலந்த திரவத்தை வடிகட்டினால் பெரிய துகள்களும் ஃபில்டரில் நின்றுவிடும். வடிகட்டிய வெறும் தண்ணீரை முதலில் வைத்து அரைமணி பாருங்கள், கற்றையில் மினுக் மினுக்கென்று நட்சத்திரம் எதுவும் ஓடக் கூடாது.

காரிமங்கலம்_மாணவன்

அண்ணா, கோடு வந்துவிட்டது!! 0.8 துளையில் எடுத்தோம், உயரம் 0.12, அரைமணிப் பதிவு. ஒரு ஆராய்ச்சி ஆய்வகத்தில் இருந்து மேடம் 200 நானோமீட்டர் லேடெக்ஸ் (அளவு தெரிந்த பிளாஸ்டிக் உருண்டைகள்) கொஞ்சம் வாங்கி வந்தார்கள். அதை வைத்து எடுத்தால் விட்டம் 157 வருகிறது. மூன்று முறை எடுத்தும் 155, 158, 157. திரும்பத் திரும்ப ஒரே தப்பு வருகிறதே, எங்கே என்று தெரியவில்லை.

சிதறல்கோணம்

தம்பி, ஆய்வகத்தில் வெப்பநிலை என்ன? கணக்கில் என்ன போட்டாய்?

காரிமங்கலம்_மாணவன்

புத்தகத்தில் இருக்கிற 25 டிகிரி போட்டேன். ஃபேனையும் அணைத்துவிட்டோம், கதவும் மூடியிருக்கிறது... தெர்மாமீட்டரை இப்போது வைத்துப் பார்த்தேன், 35.

சிதறல்கோணம்

அதுதான். தண்ணீரின் பாகுநிலை 25 டிகிரியில் 0.89 மில்லிபாஸ்கல் விநாடி, 35 டிகிரியில் 0.72. உன் துகள் நிஜத்தில் இளகிய தண்ணீரில் ஓடுகிறது, நீயோ கெட்டித் தண்ணீரில் இவ்வளவு வேகமா ஓடுகிறது, அப்படியானால் சின்னத் துகள்தான் என்று முடிவு கட்டிவிட்டாய். 157ஐ 0.89ஆல் பெருக்கி 0.72ஆல் வகு, வெப்பநிலைக்கு 308 கீழ் 298 என்று இன்னொரு பெருக்கல். என்ன வருகிறது?

காரிமங்கலம்_மாணவன்

200.6!!

கையெல்லாம் நடுங்குகிறது அண்ணா. வகுப்பில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

படித்துக்கொண்டே வந்தேன். தம்பி, முதலில் நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். புத்தகத்தில் இருந்த 25 டிகிரியை எடுத்துப் போட்டு, தப்பு வந்து, தெர்மாமீட்டரைத் தேடிப்போன அந்த நிமிடத்தை நான் முப்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தேன் என்று யோசிக்கிறேன். ஒரு கேள்வி கேட்கிறேன், உனக்கு உதவும். ஒரு கோணத்தில் 200 வந்தது தற்செயலாகக்கூட இருக்கலாம் அல்லவா? வேறு கோணத்தில் எடுத்துப் பார்த்தாயா?

மொரப்பூர்_ஒளி

சார், நீங்கள் கேட்டதற்காகவே இந்த வாரம் எடுத்தோம். சதுர க்யூவெட்டில் 90 டிகிரி தவிர மற்றக் கோணங்களில் ஒளி வளைந்து வருவதால், உருண்டைக் கண்ணாடிக் குழாய்க்கு மாறினோம். குழாயே லென்ஸ் மாதிரி வேலை செய்யாமல் இருக்க, கிளிசரின் நிரப்பிய வட்ட பீக்கரின் நடுவில் நிறுத்தினோம். ஆராய்ச்சிக்கூடங்களில் டொலுயீன் பயன்படுத்துவார்கள் என்று படித்தேன், தீப்பற்றும் பொருள் என்பதால் எங்கள் ஆய்வகத்துக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். 60, 75, 90, 105, 120 டிகிரி. இறங்கும் வேகத்தைப் பாதிக்கோண சைனின் வர்க்கத்துக்கு எதிராக வரைந்தால் ஒரே நேர்க்கோடு, நீட்டினால் பூஜ்யத்தை ஒட்டிப் போகிறது. 60 டிகிரியில் வேகம் 90ல் பாதி, 120ல் ஒன்றரை மடங்கு, கணக்கு சொன்னபடியே. 60ல் மட்டும் புள்ளி கொஞ்சம் மேலே நிற்கிறது, பீக்கரில் தெறிக்கும் ஒளியாக இருக்குமோ?

சிதறல்கோணம்

இருக்காது மேடம், தெறிப்பு கலந்தால் வேகம் குறையும், புள்ளி கீழே இறங்கும். மேலே நிற்கிறது என்றால் கையின் பூஜ்யக் கோணத்தைச் சரிபாருங்கள். நேர்க்கற்றையைத் துளையில் விழவிட்டு அந்த வெர்னியர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள் (அதிக ஒளியில் டையோடு உச்ச அளவில் முட்டி நிற்காமல் இருக்க முன்னால் கறுப்புக் கண்ணாடி வையுங்கள்). 1 டிகிரி பிசகினாலே 60ல் வேகம் 3 சதவீதம் மாறும், 120ல் 1 சதவீதம்தான்.

அடுத்து வெள்ளித் துகள். சிவப்பு லேசர் அதற்குப் பொருத்தம், வெள்ளி உறிஞ்சுவது 420 நானோமீட்டரை ஒட்டித்தான். ஆனால் கோடு லேடெக்ஸ் மாதிரி ஒரே அடுக்குக்குறிக் கோடாக வராது. பல அளவுத் துகள் கலந்திருக்கும், பெரியவைதான் அதிகம் பேசும், சிறு கோணத்தில் பெரிதாகவும் பெருங்கோணத்தில் சிறிதாகவும் எண் வரலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்ததைவிடப் பெரிதாகவும் வரும், இலைச்சாறு துகளைச் சுற்றி ஒட்டியிருப்பதையும் சேர்த்துத்தான் இது அளக்கிறது.

மொரப்பூர்_ஒளி

பூஜ்யக் கோணம் முக்கால் டிகிரி தள்ளியிருந்தது. நேராக்கியதும் 60ம் கோட்டில் உட்கார்ந்துவிட்டது. வெள்ளிக்கு வெளியிலிருந்து வந்த தாளில் 84 என்று இருந்த குப்பியையே எங்கள் அமைப்பில் வைத்தோம், 90 டிகிரியில் 91 வந்தது, 60ல் 110. ஏன் இரண்டு எண் என்று பிள்ளைகள் என்னைக் கேட்கவில்லை, அவர்களே கரும்பலகையில் எழுதி வாதாடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி மீதமுள்ள இலைச்சாற்றை எடுத்துவிட்டு மறுபடியும் பார்க்கப் போகிறோம்.

ஓசூர் சார், 0.5 துளைத்தகடு ஒரு பிள்ளை துடைக்கும்போது மடங்கிவிட்டது. இன்னொன்று கிடைக்குமா?

ஓசூர்_லேத்

இரண்டாகப் போட்டு அனுப்புகிறேன் மேடம். இந்தத் தடவை கொஞ்சம் தடித்த ஷிம்மில் போடுகிறேன், பின்பக்கம் சரிவாகக் குடைந்துவிட்டால் துளையின் விளிம்பு மெல்லியதாகவே இருக்கும். துடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், ஊதினால் போதும்.